மாஸ்டருக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

எங்களுக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு நேற்றுதான் காரியம் முடிந்தது. இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுக்கத் தஞ்சாவூருக்கு ஓடி வந்த பையன்கள், ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவில் கூட இருந்த பக்கத்து வீட்டு அக்கா, டீசலுக்குக்கூடக் காசு வாங்காத வேன் அண்ணன், நார்த்தாமலைப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வந்து வாசலில் பேசாமல் நின்ற ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. நேரில் வந்தும் சொல்வேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லியாக வேண்டும். மன்னார்குடி கடைத்தெருவில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பு தைக்கிற பெரியவர்.

பாறை ஏறுகிற ஷூவுக்கு அடியில் வரி இருக்காது, மழமழவென்று இருக்கும். மாஸ்டர் முதல்முறை அதைத் தைக்கக் கொடுத்தபோது, "வரியே இல்லையே, வழுக்காதா தம்பி?" என்று கேட்டாராம் பெரியவர். மாஸ்டர் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் அவரையும் ஏற்றிக்கொண்டார். அந்தப் பெரியவர் கருங்கல்லில் ரப்பரை வைத்து அழுத்தி, நகர்த்திப் பார்த்து, அது நகராமல் பிடித்துக்கொண்டதும் குழந்தை மாதிரி சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம் எங்கள் எல்லோருடைய ஷூவுக்கும் அடி ஒட்டித் தந்தது அவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் மாஸ்டர் தன் ஷூவை அவரிடம் கொடுத்திருக்கிறார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. எடுக்கிற அன்று காலையில், பறைச் சத்தத்துக்கு நடுவே, பெரியவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஷூ. வலது கால் கட்டைவிரல் பக்கம் மட்டும் புது ரப்பர், ஓரம் சீவி, பழைய ரப்பரோடு விரலுக்குத் தட்டுப்படாத மாதிரி சேர்த்திருந்தார். "எப்பவும் இங்கதான் தேயும், இந்த விரல்லதான் அவர் நிப்பாரு. ராத்திரியே முடிச்சுட்டேன். வாங்கின வேலையப் பாதியில போட்டு வைக்கக் கூடாதில்ல" என்றார். நான் பணத்தை நீட்டியதும் என் கையை அப்படியே மூடிவிட்டார். அதுவரை அழாமல் இருந்தவன் நான்.

டெல்டாவில் ஏது பாறை என்று யார் கேட்டாலும் மாஸ்டருக்கு ஒரே பதில்தான். "1010-ல பெரிய கோயிலக் கட்டி முடிச்சானே, அந்தக் கல்லெல்லாம் நம்ம வயல்லயா வெளஞ்சுது? அவன் கல்ல இங்க கொண்டு வந்தான், நாம கல்லுகிட்டப் போவோம்." களிமண்ணைத் தவிர வேறெதுவும் மிதிக்காத எங்களை அப்படித்தான் கூட்டிப்போனார். ஏறும்போது போடுகிற, 8 மாதிரி வளைகிற முடிச்சை வாய்க்கால் கரைப் பூவரசு மரத்தில் கட்டிக் கட்டித்தான் கற்றுக்கொண்டோம். கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை பாறைப் பக்கமே விடமாட்டார்.

2018 நவம்பரில் கஜா அடித்து முடிந்தபோது, கூரைமேல் சாய்ந்து கிடந்த தென்னைகளை இழுக்க ஏறுகிற கயிற்றையே எடுத்து வந்தார். வேலை முடிந்ததும் அவ்வளவு விலைக் கயிற்றையும் துண்டு துண்டாக வெட்டிவிட்டார். விழுகிறவனை உதறாமல் தாங்கத்தான் அது கொஞ்சம் இழுபடும், ஒருமுறை அளவுக்கு மீறி இழுபட்டால் உள்ளே இழை போனது வெளியே தெரியாது, அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்றார். எனக்கு அன்று வயிறெரிந்தது உண்மை.

இப்போது அவருடைய கடைசிக் கயிறு என் வீட்டில் இருக்கிறது. நுனியில் வாங்கிய வருஷத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார், 2014. ஞாபகார்த்தமாக வைத்து ஏறலாம் என்று பையன்கள் கேட்கிறார்கள். மாட்டேன். இத்தனை வருஷமான கயிற்றை நம்பி ஏற முடியாது, நாளைக்கே வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுவேன், முடிச்சுப் பழக அது போதும். புதுக் கயிற்றுக்கு நாங்களே பணம் சேர்த்துவிட்டோம், யாரும் அனுப்ப வேண்டாம்.

ஷூ ஏழாம் நம்பர். நம் பிள்ளைகளில் ஒருத்திக்குச் சரியாக இருக்கிறது, மாஸ்டர் வீட்டு அம்மாவும் அவளிடமே கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிறு காலை நாலரை மணிக்கு வேன் வழக்கமான இடத்திலிருந்து கிளம்பும். பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார், அவருக்கு முன்சீட்டை விட்டுவிடுங்கள்.