கணக்குச் சரி, சுற்று ஏன் எரியவில்லை?

மதிப்புக்குரிய பெற்றோருக்கு,

மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை வரும் என்னும் ஓமின் விதி நம் உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 9 வோல்ற்று பற்றறியில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை 20 மில்லியம்பியர் ஓட்டத்தில் எரிக்க எவ்வளவு தடை வேண்டும் என்று கேட்டால், எல்.ஈ.டி.க்கு 2 வோல்ற்று போக மீதி 7, ஆகவே 350 ஓம் என்று உடனே எழுதுவார்கள். தாளில் முழுப் புள்ளி. கடையில் 350 சாதாரணமாகக் கிடைக்காது. 330 இருக்கும், 390 இருக்கும். 330 போட்டால் ஓட்டம் 21 மில்லியம்பியரைத் தாண்டும். 390 போட்டால் 18 அளவில் நிற்கும், வெளிச்சம் குறைந்ததாகவே தெரியாது. அதுவும் பொன்னிற வளையம் உள்ள தடையி (தடை தரும் சிறு உறுப்பு) என்றால், அதன் தடை 5 சதவீதம் கூடலாம், குறையலாம். ஒரே ஒரு சரியான விடைக்குப் பழகிய பிள்ளை இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறது. எங்கள் கவலை இதுதான்.

ஓட்டம், வோல்ற்றளவு, தடை மூன்றையும் அளக்கும் பல்மானியிலும் (மல்ரிமீற்றர்) இப்படித்தான். ஓட்டத்தை அளந்துவிட்டுச் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையிலேயே விட்டு, அப்படியே பற்றறியின் இரு முனைகளிலும் வைப்பார்கள். அந்தத் துளையில் தடை மிகக் குறைவு என்பதால் அது குறுஞ்சுற்றாகி (ஷோர்ட்), அளவுக்கு மீறிய ஓட்டம் பாயும். சுற்றில் மின் இருக்கும்போதே தடையை அளந்து, வந்த பிழையான எண்ணை நம்புவதும் உண்டு.

நம் ஊர்க் கடற்காற்றில் பற்றறிப் பெட்டியின் தகடுகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். சுற்று எரியாவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்: மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் வோல்ற்றளவை அளக்கவேண்டும். படகு எஞ்சினில் ஏன் துத்தநாகக் கட்டி பூட்டியிருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். உலோகங்களை வரிசைப்படுத்தும் மின்னிரசாயனத் தொடரை ஒப்புவிக்கும் பிள்ளைக்கும், அலுமினியத்தைக் காக்க அந்தக் கட்டி தானே கரைகிறது என்பதும், அதன்மேல் பெயின்ற் அடித்தால் வேலை செய்யாது என்பதும் சட்டென்று தோன்றுவதில்லை. படகு வைத்திருக்கும் தகப்பன்மாருக்கு இது தெரிந்த விடயம். தயவுசெய்து பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள்.

கலைச்சொல்லும் பிள்ளைக்கு ஒரு தடைதான். புத்தகத்தில் தடையி, கடையில் றெசிஸ்ட்டர். வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுப் பிள்ளை வெறுங்கையோடு திரும்புகிறது. இனி செயன்முறைக் கொப்பியில் இரு சொற்களையும் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

இந்தத் தவணையிலிருந்து வாரத்தில் ஒரு நாள், பாடசாலை முடிந்தபின் இரண்டு மணி நேரம், பழுது கண்டுபிடிக்கும் பயிற்சி நடக்கும். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ரோர்ச், விளையாட்டுக் கார், மணிக்கூடு போன்ற, சிறு பற்றறியில் இயங்கும் பொருட்களைக் கொடுத்தனுப்புங்கள். 230 வோல்ற்றில் ஓடும் எதுவும் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிராபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கும். கைத்தொலைபேசி பற்றறியும் வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பற்றும்.

பெண்பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்புங்கள். ஸ்குறூ கழற்றுவது தம்பியின் வேலை என்று வீட்டில் ஒதுக்கப்பட்ட பிள்ளை, ஆய்வுகூடத்திலும் குறிப்பெடுக்கும் வேலையை மட்டுமே தேடிப் போகிறது. ரியூசன் நேரத்தோடு இது மோதினால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், பயிற்சி நாளை மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
அதிபர்,
திருகோணமலை