பழைய ஸ்டேஷனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் நாம் எல்லாரும் சேர்ந்து பழுதுபார்த்த பழைய போலீஸ் ஸ்டேஷன் இந்த மழைக்கு ஒழுகவில்லை. ஐப்பசி முழுக்கப் பெய்தும் லாக்கப் அறைத் தரை காய்ந்தே கிடந்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

கொத்தனார் அண்ணனுக்கு முதல் நன்றி. ஸ்டேஷன் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு யாரோ சுவர் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து கொட்டியது. "மேல எதையும் பூசாதீங்க, முதல்ல இதை உரிக்கணும்" என்றார் அண்ணன். எங்களில் பாதிப் பேருக்கு மனசே வரவில்லை. சிறிய உளியால் பத்து நாள் உரித்தார். அடியில் பழைய பூச்சு, தடவினால் முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தது.

தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், சுவருக்குக் கோணலாக அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, கட்டையால் தட்ட வேண்டும். அடித்த கட்டை துள்ளி எழும் வரைக்கும் தட்டினால்தான் தளம் இறுகியதாக அர்த்தம். வெயிலில் உட்கார்ந்து தட்டிய அக்காமாரே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஏட்டு ஐயா வராவிட்டால் பெரிய தப்பு செய்திருப்போம். லாக்கப்புக்கு எதிரே இருக்கும் வாசலை அடைத்து அலமாரி வைக்க இருந்தோம். "தம்பி, ரைட்டர் மேசையிலிருந்து கம்பிக் கதவு தெரியணும், அதுக்குத்தான் இந்த வாசல்" என்றார். நம் வீடுகளில் திண்ணையில் நின்றால் பின்கட்டு வரை பார்வை நேராக ஓடும். இங்கே தெருவாசலில் நிற்பவருக்கு ஒரு சுவர்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்தவருக்கு எல்லாம் தெரியும். சுவரில் இருந்த துளைகள் துப்பாக்கிகளைச் சாத்தி வைக்கும் சட்டகத்துக்கு என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அளந்து வரைந்து கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தண்ணீர் லாரி விட்டவருக்கும் நன்றி.

அப்புறம் ஆச்சி. கரையான் அரித்த உத்திரத்துக்கு மாற்று கிடைக்காமல் நின்றபோது, உங்கள் பின்கட்டில் கிடந்த பர்மாத் தேக்கைக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை. "எங்க அப்பச்சி காலத்து மரம், சும்மா கெடக்குறதுக்கு அங்க ஏறட்டும்" என்றீர்கள். அது லாக்கப்புக்கு நேர் மேலே ஏறியிருக்கிறது, ஆச்சி. ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறோம், வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.