13ஆம் தலைமுறை கேட்கும் கல்லூரி நிர்வாகத்துக்கு

பெருமதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். முதலாம் ஆண்டு மாணவர்களின் மடிக்கணினியில் 13ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செயலி (ப்ராசசர்) இருக்க வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கை பற்றி இரண்டு முறை நேரில் வந்து பேசினேன். "பார்க்கலாம்" என்றீர்கள். கடந்த திங்களன்று என் மகனை ஆய்வகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

அவன் கொண்டுவந்தது அவன் அக்கா படித்து முடித்த மடிக்கணினி. இன்டெல் நிறுவனத்தின் 10ஆம் தலைமுறை, அதாவது பத்தாவது வரிசையில் வந்த, ஐ5 செயலி; நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். விசிறியில் இருந்த தூசியை எடுத்து, செயலியின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி, ராம் நினைவகத்தை 16 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டுக் கொடுத்தேன். இன்டெல் செயலிகளில் 8ஆம் தலைமுறையிலிருந்தே விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிறது. முதலாண்டில் எழுதும் சி, பைத்தான் நிரல்களுக்கு இந்தக் கணினியே தாராளம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் பார்த்தால், விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் செயலி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். "இது இல்லையென்றால் தெரியாதுதானே, அப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பாதி கிழிந்த ஸ்டிக்கரும் பசையும் இன்னும் அதிலேயே இருக்கின்றன.

ஐயா, தலைமுறை எண் வேகத்தின் அளவு அல்ல. 13ஆம் தலைமுறையில் ஐ3-1305யு என்றொரு செயலி உண்டு; அதில் வேகமான பெரிய கோர் ஒன்றே ஒன்று, மீதி நான்கும் சிறியவை. 10ஆம் தலைமுறை ஐ7-10875எச் செயலியிலோ பெரிய கோரே எட்டு. உங்கள் விதிப்படி முன்னது உள்ளே, பின்னது வெளியே. 2023 டிசம்பரில் வந்த கோர் அல்ட்ரா என்ற புது செயலி வரிசையில் இந்தத் தலைமுறைக் கணக்கை இன்டெல்லே கைவிட்டுவிட்டது. இன்டெல்லுக்குப் பதில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலி வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்தத் தலைமுறை என்று எழுதுவீர்கள்? கேட்டால், வாசலில் இருப்பவர் ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறார்.

ஆகவே தலைமுறை எண்ணை விடுங்கள். எந்த மென்பொருள் ஓட வேண்டும், எவ்வளவு ராம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

சுற்றறிக்கையின் அடியில் ஒரே ஒரு கடையின் பெயர் இருக்கிறது. அங்கே சொல்லும் விலை 64,000 ரூபாய். சீருடைக்கு ஒரு கடை, நோட்டுக்கு ஒரு கடை, இப்போது செயலிக்கும் ஒரு கடை. அடுத்த ஆண்டு மதியச் சோற்றுக்கும் தலைமுறை குறிப்பிடுவீர்களோ என்னவோ. மன்னிக்கவும், கடிதம் எங்கோ போகிறது. மூன்றாம் ஆண்டில் கனமான மென்பொருள் வந்து, இந்தக் கணினி திணறினால், கடன் வாங்கியாவது புதியது வாங்கித் தருவேன். அன்றைக்கு இதே பணத்துக்கு இதைவிட நல்ல செயலி கிடைக்கும் என்பது என் தொழில் அனுபவம். இன்றைக்கு ஏன் வாங்க வேண்டும்?

வரும் வியாழக்கிழமை மறுபடியும் ஆய்வக வகுப்பு. தலைமுறை எண்ணைப் பார்க்காமல், அவனை அந்தக் கணினியோடு உட்கார அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் நானே வந்து, நீங்கள் சொல்லும் மென்பொருளை நிறுவி உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை