மொபைல் நெட்ல டிஎன்எஸ் படுத்தா அதை யூசர்கிட்ட சொல்லுங்க: லினக்ஸ் டிஸ்ட்ரோ பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ தேவையான புரோகிராம்களோட கட்டித் தர்ற தொகுப்பு) உருவாக்குறவங்க, நெட் கனெக்ஷன பாத்துக்கற நெட்வொர்க் மேனேஜர், மோடத்த பாத்துக்கற மோடம் மேனேஜர், சைட் பேர நம்பரா மாத்துற டிஎன்எஸ் வேலைய பாத்துக்கற சிஸ்டம்டி ரிசால்வ்டு பக்கம் கோட் எழுதுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

யுஎஸ்பி டாங்கிள் சொருகியோ, லேப்டாப்புக்குள்ளயே இருக்கற சிம் ஸ்லாட் வழியாவோ லினக்ஸ்ல நெட் ஓட்டுறவங்கள்ல ஒருத்தனா இதை எழுதுறேன். உங்க உழைப்பு மேல நிஜமாவே மரியாதை இருக்கு, முன்னாடியெல்லாம் மோடத்த டயல் பண்ண வைக்கவே ஸ்கிரிப்ட் எழுதணும், இப்ப சிம்மப் போட்டு ஏபிஎன் (மொபைல் கம்பெனி நெட்டுக்கான நுழைவுப் பேர்) குடுத்தா வேலை முடிஞ்சுது. ஆனா கனெக்ட் ஆனதுக்கு அப்புறம் நடக்கறதுதான் பிரச்சனை. ஐகான் கனெக்டட்னு காட்டும், சிக்னல் ஃபுல்லா நிக்கும், பிரவுசர்ல மட்டும் ஒண்ணும் திறக்காது. டெர்மினல்ல 1.1.1.1ன்ற பொது சர்வர் நம்பருக்கு பிங் அடிச்சா (இருக்கியான்னு கேட்டுப் பாத்தா) பதில் வரும், அதே பிங்க ஒரு சைட் பேருக்கு அடிச்சா "டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்"னு நிக்கும். அப்படின்னா லைன் நல்லாத்தான் இருக்கு, பேர நம்பரா மாத்தித் தர்ற டிஎன்எஸ்தான் படுத்துக்கிச்சு. இது தெரிஞ்சவங்க சமாளிச்சுடுவாங்க, தெரியாதவங்க சிம்ம கழட்டி மாட்டி, டாங்கிள மாத்தி, கடைசில லினக்ஸ்ல மொபைல் நெட்டே வேலை செய்யாதுன்னு முடிவு கட்டி போயிடறாங்க. அவங்கள நாம இழக்கறதுக்கு காரணம் ஒரு சரியான எரர் மெசேஜ் இல்லாததுதான், அதுதான் எனக்கு தாங்கல.

நெட்வொர்க் மேனேஜர்ல கனெக்டிவிட்டி செக் இருக்கு, தெரியும். அது ஒரு வெப் அட்ரஸை எடுத்துப் பாத்துட்டு ஃபுல், லிமிடெட், போர்ட்டல் (லாகின் பக்கம் கேக்குது), நன் (ஒண்ணுமே இல்ல)னு ஒரு வார்த்தைல சொல்லுது, டீஃபால்ட்டா 300 செகண்டுக்கு ஒருக்கா பாக்குது. லிமிடெட்னா என்ன? ரூட் (பாக்கெட் வெளிய போற வழி) இல்லையா, டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லலையா, இல்ல பதில் வந்தும் சைட் திறக்கலையா? இந்த மூணும் வேற வேற வியாதி, மூணுக்கும் ஒரே பேரு வெச்சா யூசர் எதுக்குன்னு மருந்து தேடுவான்?

பழைய கதை ஒண்ணு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். பிபிபி (பழைய டயல் அப் இணைப்பு முறை) வழியா டயல் பண்ற டாங்கிள்கள்ல கனெக்ட் ஆன உடனே டிஎன்எஸ் சர்வரா 10.11.12.13, 10.11.12.14ன்னு ரெண்டு அட்ரஸ் வந்து உக்காரும். அது எந்த கம்பெனியோட சர்வரும் கிடையாது. நெட்வொர்க்ல இருந்து நிஜ அட்ரஸ் வர்றதுக்கு முன்னாடியே பிபிபி பக்கம் பேச்சுவார்த்தை ஆரம்பிச்சுடும், மோடம்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது, அந்த நேரத்துல வந்து நிக்கற பொய் நம்பர் அது. கொஞ்சம் பொறுத்து திரும்பக் கேட்டா சரியானது வரும், அதனாலதான் பிபிபிடி (பிபிபிய ஓட்டுற புரோகிராம்) கான்ஃபிக்ல ஐபிசிபி மேக்ஸ் ஃபெயிலியர்ன்ற, அட்ரஸ் பேச்சுவார்த்தைல எத்தனை தடவை திருப்பி அனுப்பலாம்ன்ற எண்ணிக்கைய கூட்டி வெச்சா பலருக்கு சரியாச்சு. நெட்வொர்க் மேனேஜர் கோட்லயே இந்த ரெண்டு நம்பரையும் அடையாளம் கண்டு வேற சர்வர் போடற திருத்தம் வந்துது, நல்ல வேலைதான், ஆனா என்ன நடந்துச்சுன்னு யூசருக்கு ஒரு வரி கூட போகல. பிபிபிடிய நேரடியா ஓட்டுனவங்களுக்கு அந்த உதவியும் கிடையாது, அவங்க டிஎன்எஸ் சர்வர் பட்டியல் இருக்கற ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல திறந்து பாத்து, ஏதோ நெட்வொர்க்கோட உள் அட்ரஸ் போலன்னு நம்பிட்டு உக்காந்திருந்தாங்க.

அடுத்தது, வைஃபையும் டாங்கிளும் ஒண்ணா ஓடுறப்ப வர்ற குழப்பம். மொபைல் கம்பெனி தர்ற டிஎன்எஸ் சர்வர் பெரும்பாலும் அவங்க நெட்வொர்க்குக்குள்ள இருந்து வர்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி வைஃபை வழியா வெளிய போய் அங்க போச்சுன்னா ரெஃப்யூஸ்டு (மறுப்பு), இல்லாட்டி மௌனம். ரிசால்வ்டு ஒவ்வொரு லிங்க்குக்கும் தனித்தனியா சர்வர் வெச்சுக்கறதால இது கொஞ்சம் தப்பிக்குது. ஆனா எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல கொட்டுற செட்டப்ல ஜிலிப்சி (லினக்ஸ் புரோகிராம்கள் பேர் தேட கூப்பிடற அடிப்படை லைப்ரரி) மூணு சர்வர் வரைக்கும்தான் எடுத்துக்கும், முதல் சர்வர் செத்திருந்தா ஒவ்வொரு தேடலுக்கும் 5 செகண்ட் காத்திருந்துட்டுத்தான் அடுத்ததுக்கு போகும், செத்தது எதுன்னு ஞாபகமும் வெச்சுக்காது. நெட் ஸ்லோ நெட் ஸ்லோன்னு ஜனங்க புலம்பறதுல இந்த அஞ்சு செகண்டுக்கு நல்ல பங்கு உண்டுன்னு நான் நம்பறேன்.

இதுக்கெல்லாம் பரவலா சொல்லப்படற வைத்தியம், கூகுளோட பொது டிஎன்எஸ் 8.8.8.8 போட்டு அந்த ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல சிஎச்ஏடிடிஆர் கமாண்ட் வெச்சு யாரும் மாத்த முடியாதபடி பூட்டிடுன்றது. தயவுசெஞ்சு உங்க டாக்குமென்டேஷன்லயாவது இதை எடுங்க. ஏன்னா இப்ப நிறைய மொபைல் நெட்வொர்க் பழைய ஐபிவி4 அட்ரஸ் இல்லாம, புது வகை ஐபிவி6 அட்ரஸ் மட்டும்தான் குடுக்குது. ஐபிவி4 மட்டுமே இருக்கற சைட்டுக்கு போகணும்னா கம்பெனியோட டிஎன்எஸ்64 சர்வர் அந்த ஐபிவி4 அட்ரஸை ஒரு ஐபிவி6 அட்ரஸுக்குள்ள வெச்சுக் குடுக்கும், பாக்கெட் நாட்64 கேட்வேக்கு போய் அங்க ஐபிவி4ஆ மாறும். 2011லயே ஆர்எஃப்சி (இன்டர்நெட் தரநிலை ஆவணம்) 6146, 6147ன்னு எழுதி வெச்ச விஷயம்தான். இப்படிப்பட்ட லைன்ல, மெஷின்ல சிளாட் (ஐபிவி4 பாக்கெட்ட ஐபிவி6ஆ மாத்தித் தர்ற புரோகிராம்) ஓடலன்னா 8.8.8.8 ஒரு ஐபிவி4 அட்ரஸ், அதுக்கே போக முடியாது. சரி, ஐபிவி6ல அதே கூகுளோட 2001:4860:4860::8888 போடலாம்னா பேர் தேடல் வேலை செய்யும், ஆனா அது டிஎன்எஸ்64 பண்ணாது, அதனால ஐபிவி6 இருக்கற பெரிய சைட்டெல்லாம் திறக்கும், மத்தது திறக்காது. பாதி நெட் வேலை செஞ்சு பாதி செய்யலன்னா எவன் கண்டுபிடிப்பான்? கண்டுபிடிக்க வழி இருக்குங்க. ஐபிவி4ஒன்லி டாட் ஆர்பான்ற பேருக்கு நிஜத்துல ஐபிவி4 அட்ரஸ் மட்டும்தான் உண்டு, 192.0.0.170, 192.0.0.171. அதுக்கு ஐபிவி6 பதில் வந்தா அந்த லைன்ல டிஎன்எஸ்64 இருக்குன்னு அர்த்தம், ஆர்எஃப்சி 7050 இதுக்குன்னே வந்துது. டிஎன்எஸ்ஸ கையால மாத்துற பாக்ஸ்ல யூசர் வேற நம்பர் அடிக்கறப்ப நீங்களே இந்த ஒரு தேடல பண்ணிப் பாத்து, "இந்த லைனுக்கு கம்பெனி டிஎன்எஸ் தேவை, மாத்தினா சில சைட் திறக்காது"ன்னு சொல்லிட்டா போதும், எத்தனை பேரோட தலைவலி போகும் தெரியுமா.

இன்னொண்ணு, சின்னது, ஆனா ரொம்ப கடுப்பேத்தறது. டிஎன்எஸ்ஸ சோதிக்க எல்லாரும் டிக்ன்ற கமாண்ட போட்டுப் பாருன்னு சொல்றாங்க, பல டிஸ்ட்ரோல டிக் கூடவே வர்றதில்ல, பேர் தேடலே செத்துக் கிடக்கறப்ப பேக்கேஜ் எப்படி இறக்கறது? பேர் தேடிப் பாக்கற ரிசால்வ்சிடிஎல், கெட்என்ட் கமாண்ட் ரெண்டும் ஏற்கனவே உள்ள இருக்கலாம், ஆனா அது யாருக்கு தெரியுது? டிக்கும், பாக்கெட்ட நேரா பாக்க வைக்கற டிசிபிடம்ப்பும் எவ்ளோ இடம் பிடிச்சுடப் போகுது, இன்ஸ்டால் மீடியாலயே வெச்சு அனுப்புங்க. மோடம் மேனேஜரோட எம்எம்சிஎல்ஐ கமாண்ட்ல பேரர் (மொபைல் டேட்டா இணைப்பு) விவரம் கேட்டா நெட்வொர்க் என்ன டிஎன்எஸ் குடுத்துச்சுன்னு வருது, ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்ல மெஷின் எதை பயன்படுத்துதுன்னு வருது, ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு ஒப்பிட்டுப் பாக்கறது ஒரு புரோகிராமுக்கு எவ்ளோ சுலபம், மனுஷன்கிட்ட ஏன் விடணும்? ரிசால்வ்டு "டிகிரேடட் ஃபீச்சர் செட்" (சில வசதிய விட்டுட்டு எளிமையா கேக்கறேன்)னு ஜர்னல்ல, அதாவது சிஸ்டம் லாக்ல, எழுதறதும் அப்படித்தான், லைன்ல பாக்கெட் தொலையுதுன்னோ சர்வர் சரியா பதில் சொல்லலன்னோ மெஷினுக்கு புரிஞ்சிருக்கு, உக்காந்திருக்கறவனுக்கு புரியல.

நான் கேக்கறது இதுதான். அந்த லிமிடெட்ன்ற வார்த்தைய உடைச்சு லிங்க், ரூட், டிஎன்எஸ்னு மூணா காட்டுங்க, டிஎன்எஸ்னா எந்த சர்வர் எந்த இன்டர்ஃபேஸ்ல பதில் சொல்லலன்னு நம்பரோட காட்டுங்க. பின்னாடி நீங்களா சர்வர் மாத்தினா மாத்துங்க, ஆனா மாத்தினேன்னு சொல்லிடுங்க. ரிலீசுக்கு முன்னாடி பண்ற டெஸ்ட்ல ஐபிவி6 மட்டும் வர்ற ஒரு சிம்மையும் சேத்துக்கோங்க. சிம்மும் டாங்கிளும் கைல வெச்சுக்கிட்டு சோதிச்சுத் தர எங்கள மாதிரி ஆளுங்க இருக்கோம், எந்த லாக் எந்த நிலைமைல எடுத்து அனுப்பணும்னு ஒரு பக்கம் எழுதிப் போடுங்க, எடுத்து அனுப்பறோம்.