சொதிக்கு எத்தனை கலோரி?

பாளையங்கோட்டை

அன்புள்ள செண்பகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். மாட்டுங்காவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததும், சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டதும் படித்து மனம் நிறைந்தது. கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்விக்குத்தான் உடனே பதில் எழுதக் கை வரவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும், எடை இறங்கிய பிறகும், ஒரு வாய் வைப்பதற்கு முன் நான் ஏன் செல்போனில் கலோரிக் கணக்கு எழுதும் செயலியைப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். உன் தம்பி மகள் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளைச் சொதிப் பந்தியில் என் இலையை நீ கவனித்திருக்கிறாய் என்பதும் அதிலிருந்து தெரிந்தது. சின்னவளும் இப்போது அதே போன்ற செயலியை வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள் என்று போகிற போக்கில் நீ எழுதியிருந்த அந்த ஒற்றை வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எடையைக் குறைத்த காலத்தில் இந்தக் கணக்கு எனக்கு உண்மையாகவே உதவியது. எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் தின்றுகொண்டிருந்தவளுக்கு அது கண்ணைத் திறந்துவிட்டது; அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. எடை இறங்கும்போது எடை மெஷின் வாரந்தோறும் ஒரு நல்ல செய்தி சொல்லும். இறங்க வேண்டியது இறங்கி, இனி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த மெஷினிடமிருந்து நல்ல செய்தி என்று ஒன்று வரவே வராது. நேற்றிருந்த எண்ணே இன்றும் இருந்தால் அது செய்தி ஆகாது, கூடினால் கெட்ட செய்தி. அப்படி ஒரு கெட்ட செய்திக்காகவே தினமும் காலையில் அதன்மேல் ஏறி நிற்பவளுக்குப் பயம் வராமல் வேறு என்ன வரும்?

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெல்பர்னில் ஆராய்ச்சியாளர்கள் உடல் பருமன் உள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்து, ஓராண்டு கழித்து அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களும் ஓராண்டுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடையை மீட்கும் பக்கமே அவை சாய்ந்திருந்தன. மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று என்னைப் பற்றி மதினி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் இதைப் படித்தேன். படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். உடம்பு என்னோடு மல்லுக்கு நிற்பது என் கற்பனை இல்லை என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்த மல்லுக்கட்டுக்கு நான் கையில் எடுத்த ஆயுதம் எப்படிப்பட்டது என்று பார். சொதியையே எடுத்துக்கொள். அத்தை தேங்காயைத் துருவி, முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, இரண்டாம் பாலை ஊற்றி, பாசிப்பருப்பும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்து மணம் வந்த பிறகு முதல் பாலை விட்டு, நுரைகட்டியவுடன் இறக்கி எலுமிச்சம் பழம் பிழிவார்கள். நான் பக்கத்தில் சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு நின்றேன். துருவிய தேங்காயை எடை போட்டேன், பிழிந்த சக்கையையும் எடை போட்டுக் கழித்தேன். அதில் என் இலைக்கு வந்தது எத்தனை கரண்டி, அந்தக் கரண்டியில் மேலே மிதந்த பால் எவ்வளவு, அடியில் கிடந்த முருங்கைக்காய் எவ்வளவு என்று எந்தத் தராசு சொல்லும்? செயலியில் தேடினால் சொதி என்ற பெயரில் வெவ்வேறு எண்கள் வந்தன, எல்லாவற்றிலும் பெரியதை எடுத்து எழுதிக்கொண்டேன். நான் அப்படி நிற்பதை அத்தை பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் சொதி வைக்கவில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் உணவுகளை எரித்தும், உண்டவர்களின் கழிவை அளந்தும், மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று வகுத்தார். இன்றும் பொட்டலங்களில் அச்சாகும் எண்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருபவைதான். சராசரிக்கு அது நல்ல கணக்கு. ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் முழுப் பாதாமைக் கொடுத்து அளந்து பார்த்தபோது, அட்வாட்டர் கணக்குப்படி ஏறக்குறைய 170 கலோரி இருக்க வேண்டிய 28 கிராம் பாதாமிலிருந்து உடல் எடுத்துக்கொண்டது 129 கலோரிதான். மென்று அரைபடாத துணுக்குகளில் இருந்த கொழுப்பு அப்படியே வெளியேறிவிடுகிறது. பாதாமுக்கே இந்தக் கதி என்றால், நம் ஊர்க் கூட்டாஞ்சோற்றுக்கு நான் பத்து கலோரி அங்கும் இங்கும் பிசகாமல் கணக்கு எழுதியதில் என்ன அர்த்தம்? பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பவருக்குப் பூட்டின்மேல் சந்தேகம் இருப்பதில்லை அல்லவா, மனத்தின் பயம் அடங்கத்தானே இழுக்கிறார், அந்த மாதிரிதான் இதுவும்.

இன்னொன்று, இதைச் சின்னவளுக்கும் நீ சொல்லலாம். 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் உடல்நலமுள்ள 36 இளைஞர்களைத் தேர்ந்து, ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று அறிவதற்காக நடந்த சோதனை அது. நாள் போகப் போக அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைக் கூர்ந்து படித்தார்கள், தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள், எரிச்சலும் சோர்வும் கூடி ஆட்களிடமிருந்து ஒதுங்கினார்கள். அவர்களில் யாரும் முன்பு சோற்றுப் பைத்தியமாக இருந்தவர்கள் இல்லை. சாப்பாட்டைப் பற்றியே ஓயாமல் நினைப்பது எல்லா நேரத்திலும் மனக்கோளாறினால் வருவதில்லை. வயிறு காய்ந்தாலே அது வந்துவிடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை. என் செயலி எனக்கு விதித்திருந்த எல்லை அதைவிட வெகுவாகக் குறைந்தது. அவளுடையது என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார், சண்டை போடாமல்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இங்கே ஒரு மனநல ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். வெளியில் சொல்லவில்லை, வீட்டில் அவருக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். அந்த அம்மா முதலில் செய்தது, தினசரி எடை பார்ப்பதை வாரத்துக்கு ஒருமுறை ஆக்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் என்பவர் உணவுக் கோளாறுகளுக்காக வகுத்த சிகிச்சையிலும் இப்படித்தான். ஒரு நாளின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல், நான்கு வாரத்தின் போக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாகும் மாவுச்சத்து கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு கூடினாலும் தண்ணீர் தங்கும். இரவில் ஊறுகாயும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் ஏறினால் ஒரு கிலோ கூடக் காட்டலாம். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு ராத்திரியில் யாரால் முடியும்?

அடுத்ததுதான் கடினம். கணக்கு எழுத முடியாத ஒன்றைச் சாப்பிட வேண்டும், எழுதக் கூடாது, அதை ஈடுகட்ட வ.உ.சி. மைதானத்தில் கூடுதல் சுற்று நடக்கவும் கூடாது, பயம் ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பத்துக்கு எவ்வளவு என்று குறித்து வர வேண்டும் என்றார். நான் டவுனுக்குப் போய் அல்வா வாங்கினேன். வாழையிலைத் துண்டில் வைத்துச் சூடாகக் கொடுத்தார்கள். விரலில் எடுத்தால் நழுவியது, நெய் உள்ளங்கை ரேகையில் இறங்கி மணிக்கட்டு வரை வந்தது. முதல் வாயில் எட்டு. பேருந்தில் ஏறும்போது ஒன்பது. கூட்டத்தில் நின்றுகொண்டு, செல்போனை எடுக்காமல் இருப்பதற்காகப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஐந்து. ராத்திரி அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, குறிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டிருந்தேன். நான் ஒன்றும் செய்யாமலே பயம் தானாக இறங்கியது என்பதுதான் அதில் விசேஷம். அதுவரை ஒவ்வொரு முறையும் கணக்கு எழுதியதால்தான் இறங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். விசேஷ வீடுகளில் இன்னும் கை தயங்குகிறது, உறவுக்காரர்கள் வற்புறுத்தி வைத்தால் கோபம் வருகிறது. செயலியை எடுத்துவிட்டேன், தராசு அத்தையிடம் இருக்கிறது, தீபாவளிப் பலகாரத்துக்கு மட்டும் வெளியே வரும். மூன்று மாதத்தின் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனையை மட்டும் தவறாமல் செய்துகொள்கிறேன், ஏனென்றால் என் உடம்புக்கு வேண்டிய கணக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாக் கணக்கையும் தூக்கி எறி, மனம்போலச் சாப்பிடு என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சர்க்கரை உள்ளவள் அப்படி இருக்க முடியாது.

சின்னவள் விஷயம் வேறு. அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, இறக்க வேண்டிய எடையும் இல்லை. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, தலைசுற்றினாலோ, முடி கொத்தாகக் கொட்டினாலோ, உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்குச் சாக்குச் சொன்னாலோ காத்திருக்காதே, மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போ. வயதுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்று விடுகிற காரியம் இல்லை இது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். "ஏட்டி, என் பிள்ளைக்கு அவ்வளவெல்லாம் ஒன்றுமில்லை" என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. ஒன்றுமில்லை என்றால் நல்லதுதான், அந்த எண் எங்காவது எழுதியபடி கிடக்கட்டும்.

ஆனித் தேருக்கு எல்லோரும் வருவதாக எழுதியிருக்கிறாய். நம் ஊரில் வாசற்படி ஏறும் முன்பே "என்ன, இப்படி மெலிஞ்சி போயிட்ட?" என்றோ "நல்லா சதை போட்டுட்டியே!" என்றோதானே வரவேற்பார்கள், இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்காது, சின்னவளுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே என் பக்கத்து ஆட்களிடம் நான் சொல்லி வைக்கிறேன், உன் அம்மாவிடமும் சித்தியிடமும் நீ முன்கூட்டியே சொல்லிவிடு. என்றைக்கு ரயில் ஏறுகிறீர்கள் என்று எழுது.

என்றும் அன்புடன்,
காந்திமதி