டிவியில் ஓரம் வெட்டுப்படுகிறதா? புது கேபிள் வாங்கும் முன் ஒரு நிமிடம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் பழைய லேப்டாப்புக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டு வாங்கிப் போனவர்களில் பலர் அதை வீட்டு டிவியில் இணைக்கிறீர்கள். அப்புறம் போன் வருகிறது: "அண்ணே, கீழே மெனு பட்டையையே காணோம். லினக்ஸ் சரியில்லை போல, விண்டோஸே போட்டுக் கொடுத்திடுங்க." ஆளாளுக்குப் போனில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

ஓரம் வெட்டுப்படுவது டிவியின் வேலை. பெட்டி டிவி காலத்தில் பிக்சர் டியூபின் ஓரங்களில் படம் ஒழுங்காக நிற்காது. அது தெரியாமல் இருக்க, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். டியூப் ஒழிந்து இத்தனை வருடமாகியும் பல எல்ஈடி டிவிகள் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே வரும் படத்தை இன்னும் அப்படித்தான் இழுத்துப் பெரிதாக்குகின்றன. சினிமாவில் ஓரம் போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? கணினித் திரையில் மெனுவும் கடிகாரமும் அங்கேதானே இருக்கின்றன!

எனவே முதலில் டிவி ரிமோட்டை எடுங்கள். படத்தின் அளவை மாற்றும் இடத்தில் எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங் என்றால் 'ஸ்கிரீன் ஃபிட்', வேறு சிலவற்றில் 'டாட் பை டாட்' என்று இருக்கும். சில பழைய சாம்சங் டிவிகளில் ஹெச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்ற வேண்டும். பெயரை மாற்றினால் படம் சரியாகுமா என்று சிரிக்காதீர்கள், ஆகும். இதெல்லாம் தெரியாத காலத்தில் நானே ஒரு வீட்டில் இரண்டு கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். ரிமோட்டில் இப்படி எதுவுமே இல்லையென்றால் லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், படத்தைச் சுருக்கி அனுப்பும்படி செய்து தருகிறோம். இதற்குக் காசு வேண்டாம்.

எழுத்து மசமசவென்று தெரிந்தால் அது வேறு கதை. 'ஹெச்டி ரெடி' என்று விற்ற 32 அங்குல டிவிகள் பலவற்றின் திரையில் இருப்பது 1366×768 புள்ளிகள்தான். 1920×1080 அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் சுருக்கித்தான் காட்டும். மின்ட்டின் டிஸ்ப்ளே அமைப்பில் அதற்கு நெருக்கமான 1360×768 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் வழி.

4கே டிவியில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறதா? பழைய லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 60 முறை) என்று வைத்துவிடுங்கள்.

படம் வருகிறது, சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே வருகிறது என்றால் சவுண்ட் அமைப்பில் அவுட்புட்டை ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். டிவி ஆனில் இருந்து, கேபிளும் செருகியிருந்தால்தான் அந்தப் பெயர் பட்டியலில் வரும். ஹெச்டிஎம்ஐ 2, 3 என்று பல இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இதற்கும் சரியாகாவிட்டால் டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். போட்டோ போதும். போன மாதம் ஒருவர் 43 அங்குல டிவியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்