ஒரு சோற்றை மட்டும் தனி அடுப்பில் வேகவைக்காதீர்கள்: அனிமே தயாரிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானின் அனிமே தயாரிப்புக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு முறை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கிறது. புது சீசன் தொடங்கியதும் நானும் என் தம்பியும் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின் முதல் எபிசோடை வரிசையாகப் பார்ப்போம். ரிமோட் அவன் கையில். பிடிக்கவில்லை என்றால் பத்தாவது நிமிடத்திலேயே டிராப். கேட்டால், "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ணே" என்பான். அந்தப் பழமொழியில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் நீங்கள் அந்த ஒரு சோற்றை மட்டும் தனி அடுப்பில் குழைய வேகவைத்துக் கொண்டுவந்து நீட்டுகிறீர்களோ என்று இப்போதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது. பானைக்குள் என்ன இருக்கிறது என்பது ஐந்தாவது, ஆறாவது வாரத்தில்தான் தெரிகிறது. சண்டைக் காட்சியில் படம் நகராது, வசனம் மட்டும் நகரும். முதல் எபிசோடில் தலைமுடி ஒவ்வொன்றையும் வரைந்த கைகள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுவது 24 நிமிடம். ஓப்பனிங் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம், எண்டிங் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம். ஆக, கதைக்கு 21 நிமிடம். அதற்குள் நாயகன் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும், தேவதையைப் பார்க்க வேண்டும், வேறு உலகத்தில் பிறக்க வேண்டும், தன் பலத்தை எண்களாகக் காட்டும் பலகையைத் திறக்க வேண்டும், ஒரு பெண்ணைக் காப்பாற்றவும் வேண்டும். இவ்வளவையும் அடைத்த பிறகு மூச்சுவிட எங்கே இடம்? டிரெய்லரைத்தான் கொஞ்சம் நீட்டிக் காட்டுகிறீர்கள். சில தொடர்களில் எந்தப் பாத்திரத்தின் பெயரும் மனதில் தங்குவதில்லை. மறுநாள் தம்பியிடம் சொல்லும்போது "அந்த வெள்ளை முடிக்காரன்" என்கிறேன். அப்புறம் பார்த்தால் அதே சீசனில் வெள்ளை முடிக்காரர்கள் நான்கு பேர்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது 2023ஆம் ஆண்டு. அந்த செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு, நிப்பான் டிவி தன் 'வெள்ளிக்கிழமை ரோட்ஷோ' நேரத்தில் ஃப்ரீரென் தொடரின் முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து இரண்டு மணி நேர நிகழ்ச்சியாகப் போட்டது. வழக்கமாக சினிமா போடும் நேரம் அது. எங்களுக்கு அந்த நான்கும் ஸ்ட்ரீமிங்கில் தனித்தனி எபிசோடாக வந்தன.

முதல் எபிசோட் ஓடத் தொடங்கியதும் தம்பி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "என்னண்ணே, கதை முடிஞ்ச இடத்துல ஆரம்பிக்குது?" சரியாகத்தான் கேட்டான். அசுர மன்னனை வென்றாகிவிட்டது. பத்து வருடப் பயணம் முடிந்து வீரன் ஹிம்மல், பாதிரியார் ஹைட்டர், குள்ளர் இனப் போராளி ஐசன், மந்திரவாதி ஃப்ரீரென் நால்வரும் ஊர் திரும்புகிறார்கள். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் எரிகல் மழையைச் சேர்ந்து பார்க்கிறார்கள். அடுத்த முறை இதைவிட நன்றாகத் தெரியும் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஃப்ரீரென் சொல்கிறாள். ஏதோ அடுத்த வாரம் வருகிறேன் என்பதுபோல. ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்ட, எல்ஃப் என்னும் நீண்ட ஆயுள் கொண்ட இனத்தவள் அவள், ஐம்பது வருடம் அவளுக்கு ஒரு கணக்கா? சொன்னபடி வருகிறாள். ஹிம்மல் கூன் விழுந்து, தலை வழுக்கையாகி நிற்கிறான். எரிகல் மழையைப் பார்க்கிறார்கள். சீக்கிரமே அவன் இறந்துபோகிறான். அடக்கத்தின்போதுதான் அவளுக்கு அழுகை வருகிறது, இந்த மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏன் முயலவே இல்லை என்று.

இதில் யாரும் கத்தவில்லை, சொல்லிக்கொள்ளும்படி ஒரு சண்டைகூட இல்லை. ஆனாலும் அந்த நான்கில் எனக்கு முக்கியமாகப் பட்டது நான்காவதுதான். அதில் ஃப்ரீரென் தன் சிஷ்யை ஃபெர்னோடு புத்தாண்டு விடியலைப் பார்க்கப் போகிறாள். விடியல் என்ன அப்படிப் பிரமாதம் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. பிறகு பக்கத்தில் நிற்கும் ஃபெர்னின் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முதல் எபிசோடில் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஃப்ரீரென் இப்போது முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதனால் அந்த எரிகல் மழை மனதில் ஈரமாகவே இருந்தது. வாரத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்தால் நடுவில் மூன்று வாரம், முப்பது வேறு தொடர்கள். ஹிம்மலின் வழுக்கை மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும்.

இயக்குநர் சைட்டோ கெய்ச்சிரோவும் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவும் கதையை வேகப்படுத்தவில்லை. வேகப்படுத்தாமல் இருக்க அவர்களுக்கு இடம் கிடைத்தது. அது நீங்கள் கொடுத்த இடம், அதற்கு நன்றி. தொடரின் முதல் பாகம் 28 எபிசோடாக 2024 மார்ச் வரை அதே நிதானத்தில் போனது. முதல் சோற்றின் பதமேதான் பானை முழுக்க.

அதே வருடம் ஏப்ரலில் 'ஓஷி நோ கோ' 90 நிமிட முதல் எபிசோடோடு வந்தது. அதைப் பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். கதைக்கு அஸ்திவாரமே அந்த 90 நிமிடத்தின் கடைசியில்தான் விழுகிறது. 24வது நிமிடத்தில் வெட்டியிருந்தால் இது ஏதோ ஒரு விநோதமான நகைச்சுவைத் தொடர் என்று நாங்கள் எழுந்து போயிருப்போம். அக்டோபரில் 'குசுரியா நோ ஹிதோரிகோதோ' மூன்று எபிசோடுகளைச் சேர்த்துத் தந்தது. நாயகி மாவ்மாவ் ஒவ்வொன்றாகப் புதிரை அவிழ்க்கும் கதை என்பதால் ஒன்று மட்டும் வந்திருந்தாலும் நிறைவாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று எபிசோட் பொறுத்துப் பார் என்று ரசிகர்களிடையே ஒரு விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2011இன் 'மடோகா மாஜிகா', மூன்றாவது எபிசோடில் கதையையே தலைகீழாகப் புரட்டிப்போட்டதே, அதுதான். ஆனால் அப்படிப் பொறுப்பவர்கள் எத்தனை பேர்? என் தம்பி பொறுப்பதில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது, ஒரு சீசனில் வந்து விழும் தொடர்கள் அத்தனை.

அடுத்து பணம். பின்னிரவு ஒளிபரப்பு நேரத்தைப் பெரும்பாலும் உங்கள் குழுதான் சேனலிடம் காசு கொடுத்து வாங்குகிறது என்பதும், பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மை விற்பவர் எல்லோரும் நஷ்டத்தைப் பகிரத்தான் கூட்டு சேர்கிறீர்கள் என்பதும் தெரியும். எல்லாத் தொடருக்கும் இரண்டு மணி நேரம் கேட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். நான் கேட்பது மெதுவாகத் திறக்கும் கதைகளுக்கு மட்டும், அதுவும் முதல் நாளில் இரண்டே எபிசோட். அதுவும் முடியாதென்றால் அந்த 21 நிமிடத்தில் பாதி விஷயத்தை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஒரு பெயரையாவது மனதில் நிறுத்திவிட்டு அனுப்புங்கள். முதல் எபிசோடுக்கு என்று ஒதுக்கும் ஓவியர்களில் இரண்டு பேரை ஏழாவது எபிசோடுக்கும் மிச்சம் வையுங்கள். அவர்களும் தூங்க வேண்டும் அல்லவா, அதையும் கொஞ்சம் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான்காவது எபிசோட் முடிந்தபோது ரிமோட் தரையில் கிடந்தது. தம்பி அதை எடுத்து, ஐந்தாவது எப்போது வரும் என்று தேடிக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
சப்டைட்டில் படித்தே கண் பூத்துப்போன ஒரு ரசிகன்